இணைய அழைப்பு வீட்டுத் தொலைபேசி ஆகுமா? யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வியும் களமும்

இணையத்தின் வழியே பேசுவதை வீட்டுத் தொலைபேசியாக நம்பலாமா என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. பொறியியலாளர், பொருளியலாளர், ஒழுங்குபடுத்துநர், அவசர சேவையாளர், அரசு என ஒவ்வொரு தரப்பும் தன் விடையைச் சொல்லியிருக்கிறது. பெருநகரத்து வீட்டாருக்கு இவற்றில் எதை ஏற்றாலும் பெரிய நட்டமில்லை. ஒரு வழி தவறினால் இன்னொரு வழி கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

யாழ்ப்பாணத் தீவகத்தின் நிலை வேறு. மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியன பண்ணைத் தாம்போதி வழியே குடாநாட்டோடு இணைந்தவை. காரைநகருக்குப் பொன்னாலை வழியே பாதை உண்டு. நயினாதீவும் நெடுந்தீவும் குறிகட்டுவான் இறங்குதுறைப் படகுகளையும், அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் படகுகளையும் நம்பியிருக்கின்றன. நெடுந்தீவுக்குக் கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் தீவக மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். பலருடைய பிள்ளைகள் பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்து, கனடா என்று பரந்தனர். ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர்களுக்குத் தொலைபேசிதான் குடும்பம் கூடும் இடம். ஆகவே பொதுவாகச் சொல்லப்பட்ட விடைகள் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைச் சோதிக்கத் தீவகம் பொருத்தமான களம்.

இக்கட்டுரை ஐந்து நிலைப்பாடுகளை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தளர்கிறது என்பதைப் பார்த்தபின், தீர்ந்தது எது, தீராதது எது என்று மதிப்பிட முயல்கிறது.

இணைய அழைப்பு என்று எதைச் சொல்கிறோம்

ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் வீட்டார் பயன்படுத்தும் இணைய அழைப்பு குறைந்தது மூன்று வகை. முதலாவது செயலிக்குள் நடக்கும் பேச்சு: வட்ஸ்அப், வைபர், இமோ போன்றவை. இரு முனையிலும் அதே செயலி இருக்க வேண்டும். இரண்டாவது, ஃபைபர் இணைப்பிலோ 4ஜி வீட்டு ரவுட்டரிலோ சாதாரணத் தொலைபேசியைச் செருகிப் பேசுவது. வெளியே இருப்பவருக்கு அது 021 என்று தொடங்கும் வழக்கமான இலக்கம்தான். மூன்றாவது, கைத்தொலைபேசி இலக்கத்தின் அழைப்பையே 4ஜி வலையமைப்பிலோ வீட்டு வைஃபையிலோ எடுத்துச் செல்வது. இதற்குச் சேவை வழங்குநரும் கைத்தொலைபேசியும் இடம் தர வேண்டும்.

மூன்றிலும் அடிப்படை ஒன்றே. குரல் எண்களாக மாற்றப்பட்டு, பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பொதியாக, செக்கனுக்கு 50 பொதிகள் புறப்படுகின்றன. அவை முன்பின்னாக வந்து சேரலாம், சில வராமலே போகலாம். பெறும் முனை அவற்றைச் சற்றே தாமதித்து வைத்து ஒழுங்குபடுத்தி ஒலிக்கச் செய்கிறது. அந்தக் காத்திருப்பு கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். குறைந்தால் சொற்கள் அறுந்து விழும். “கேக்குதோ, கேக்குதோ?” என்று ஊரில் அடிக்கடி எழும் கேள்வியின் தொழில்நுட்பக் காரணம் பெரும்பாலும் இதுவே.

முதல் நிலைப்பாடு: ஒதுக்கிய பாதை வேண்டும்

பழைய தொலைபேசிப் பொறியியல் ஒரு கொள்கையில் நின்றது: இருவர் பேசும்வரை அவர்களுக்கென ஒரு பாதை ஒதுக்கப்பட வேண்டும். குரலைச் செக்கனுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதி, 64 கிலோபிட் பாதையை இரு திசையிலும் ஒதுக்குவது எண்மயத் தொலைபேசியின் இலக்கணம். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குக் குறையில்லை, 400ஐத் தாண்டும்படி வலையமைப்பைத் திட்டமிடக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இந்த நிலைப்பாட்டின் பெரும் வலிமை மின்சாரத்தில் இருந்தது. செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து அதே கம்பி வழியே வந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடித்தது.

தளர்ச்சி எங்கே என்றால், அந்தத் தரம் கிடைத்தவர்களுக்கே கிடைத்தது. கடல் சூழ்ந்த, குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குக் கம்பி இழுப்பது செலவு மிக்கது. உப்புக்காற்று செம்பையும் இணைப்புப் பெட்டிகளையும் அரித்தது. போர் அந்த வலையமைப்பையே வடக்கிலிருந்து அகற்றியது. 1990களில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசுவதற்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணப்பட்டு, தொலைபேசி நிலையங்களில் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். பின்னர் 2005 வாக்கில் பரவிய சிடிஎம்ஏ கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகள் கம்பியின் தடையைத் தாண்டின. ஆனால் வீட்டு மின்சாரத்தையும் அருகிலுள்ள கோபுரத்தையும் நம்ப வேண்டிய நிலை அப்போதே தொடங்கிவிட்டது. தரத்தை முன்னிறுத்தி இணைய அழைப்பை நிராகரிப்பவர்கள், தீவகத்தில் பலருக்கு அந்தத் தரம் ஒருபோதும் வாய்க்கவில்லை என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாம் நிலைப்பாடு: பொதிகளே போதும்

எதிர் நிலைப்பாடு அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் பிறந்தது. 1974இல் டேனி கோஹனும் அவரோடு பணியாற்றியவர்களும் பேச்சைப் பொதிகளாக அனுப்பிக் காட்டினர். பாதையை ஒதுக்கத் தேவையில்லை, முனைகளில் உள்ள கருவி புத்திசாலியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் வழிவந்தோரின் வாதம். 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான இணையத் தொலைபேசி மென்பொருளை விற்கத் தொடங்கியது. 2003இல் ஸ்கைப் வந்தது. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பஸ் என்ற குரல் குறிமுறை, செக்கனுக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை இணைப்பின் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பையும் 2016இல் காணொளி அழைப்பையும் சேர்த்தது. நல்ல இணைப்பில் இத்தகைய அழைப்பு பழைய கம்பித் தொலைபேசியைவிடத் தெளிவாக ஒலிக்கிறது.

இவ்வாதம் நீண்டதூர இணைப்பைப் பொறுத்தவரை வென்றுவிட்டது என்றே கொள்ளலாம். 2005இல் சேவைக்கு வந்த ஸீ-மீ-வீ-4 போன்ற கடலடிக் கேபிள்கள் கொழும்பை ஐரோப்பாவோடு இணைக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்கிறது. கேபிள் சுற்றிச் சென்றாலும் லண்டனுக்கான ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கன் எல்லைக்குள் அடங்கக்கூடியது.

தளர்ச்சி கடைசிச் சில கிலோமீற்றரில் இருக்கிறது. கடலின் மேலாகச் செல்லும் நுண்ணலைக் கற்றை நீர்ப்பரப்பில் தெறித்துத் தன்னையே குழப்பக்கூடும். ஈரப்பதமும் வெப்பமும் அடுக்கடுக்காக மாறும்போது வளைந்து விலகவும்கூடும். கோபுரத்தின் கொள்ளளவையும் எல்லோரும் பகிர்கிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனித் திருவிழா போன்ற நாள்களில் சிறு தீவொன்றில் பெருங்கூட்டம் கூடும்போது, அவ்வூர் வீட்டாரின் அழைப்பும் அந்த நெரிசலில் சிக்கலாம். நேர வேறுபாடும் பார்க்க வேண்டிய ஒன்று. பாரிஸிலோ சூரிச்சிலோ வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு அழைப்பவர், பருவத்தைப் பொறுத்து, ஊரில் இரவு 10.30க்கோ 11.30க்கோ அழைக்கிறார். ரொறன்ரோவின் இரவு ஒன்பது மணி ஊரின் காலை 6.30 அல்லது 7.30. கனடாவுக்கான பேச்சு நெரிசல் குறைந்த காலையில் விழுவது ஒரு வசதி. ஐரோப்பியப் பேச்சு, ஊரார் காணொளி பார்த்து முடிக்காத நேரத்தோடு போட்டியிட நேரலாம்.

மூன்றாம் நிலைப்பாடு: எல்லாம் விலையே

மூன்றாவது தரப்பு தரத்தை இரண்டாம் இடத்தில் வைக்கிறது. மக்கள் இணைய அழைப்புக்கு வந்ததும் இனி அதிலேயே இருக்கப்போவதும் செலவுக்காகவே என்பது அதன் கருத்து. இதற்கு வரலாறு துணை நிற்கிறது. இலங்கையில் வெளிநாட்டு அழைப்புகளுக்கு ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோக உரிமை 2002 ஓகஸ்டில் முடிந்தது. 2003இல் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நுழைவாயில் உரிமங்கள் வழங்கப்பட்டன. கட்டணங்கள் வீழ்ந்தன. புலம்பெயர் நகரங்களின் தமிழ்க் கடைகளில் விற்ற அழைப்பு அட்டைகள் பலவும் இடைவழியில் இணையத்தைப் பயன்படுத்தியவைதாம். அட்டையைச் சுரண்டி இலக்கம் அழுத்தியவர், தாம் இணையம்வழி பேசுவதை அறியாமலே பேசினார்.

ஆனால் “இலவசம்” என்ற சொல் ஒரு மாற்றத்தை மறைத்துவிடுகிறது. அட்டைக் காலத்தில் முழுச் செலவும் அழைத்தவருடையது. ஊரில் தொலைபேசியை எடுத்த தாய்க்கு அழைப்பு வருவதில் செலவே இல்லை. செயலி அழைப்பில் இரு முனையும் டேட்டா செலவழிக்கிறது. ஓப்பஸ் 24 கிலோபிட்டில் இயங்குவதாகக் கொண்டால், பொதித் தலைப்புகளோடு ஒரு திசைக்கு ஏறத்தாழ 40 கிலோபிட் ஆகும். இரு திசையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 36 மெகாபைட். குரல் மட்டும் என்றால் இது சிறு தொகை. பேரப்பிள்ளையின் முகம் பார்க்கக் காணொளிக்கு மாறி, ஒரு திசைக்கு 500 கிலோபிட் என்று கொண்டால் அதே ஒரு மணி நேரம் 450 மெகாபைட்டை விழுங்கும். பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

அதற்கான டேட்டாப் பொதி ஊரில் வாங்கப்படுகிறது. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்த்தப்பட்டபோது அந்தச் சுமையும் ஊர்ப்பக்கத்தில் விழுந்தது. வெளிநாட்டிலிருந்து ரீலோட் அனுப்பும் பிள்ளைகள் இதைச் சரிசெய்கிறார்கள். அனுப்ப யாரும் இல்லாத வீட்டுக்கு அது பொருந்தாது. இணைய அழைப்பு மொத்தச் செலவைக் குறைத்தது என்பது சரி. அதில் ஒரு பங்கை வெளிநாட்டுச் சம்பளத்திலிருந்து ஊரின் சிறு வருமானத்துக்கு நகர்த்தியது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

நான்காம் நிலைப்பாடு: ஆபத்தில் உதவுவதே தொலைபேசி

அவசர சேவைகளின் பக்கமிருந்து எழுந்த நிலைப்பாடு இது. பேச்சு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கரண்ட் போன இரவில் உதவிக்கு அழைக்க முடியாவிட்டால் அது வீட்டுத் தொலைபேசி ஆகாது. அமெரிக்காவில் தொலைபேசி வலையமைப்போடு இணையும் இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 911 அழைப்பை வழங்கியாக வேண்டும் என்று 2005இல் கட்டளை பிறந்தது. பிரித்தானியாவில் பழைய தொலைபேசி வலையமைப்பை மூடும் திட்டம் 2025 இறுதியிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. முதியோரின் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் செயலிழந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணம். மின்சாரம் போனால், வேறு வழியில்லாத வீட்டாருக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்குபடுத்துநரான ஒப்கொம் 2018இல் தந்த வழிகாட்டல்.

இலங்கையில் 119 பொலிஸ் அவசர இலக்கம். 1990 என்ற இலவச நோயாளர் காவுவண்டிச் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு விரிந்தது. வட்ஸ்அப் போன்ற செயலிகள் இந்த இலக்கங்களை அழைக்க உதவா. ரவுட்டரில் செருகிய தொலைபேசியிலிருந்து அழைக்கலாம், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை. படகுவழித் தீவுகளில் அழைப்புக்குப் பிறகும் கடல் இருக்கிறது. இரவில் நோயாளியைக் கடற்படைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அங்கே வழக்கமான செய்தி. ஒவ்வொரு நிமிடமும் அங்கே கூடுதல் மதிப்புடையது.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு மறுப்பு உண்டு. செயலி இருக்கும் அதே கைத்தொலைபேசியில் சிம் அட்டையும் இருக்கிறது, 1990ஐ அதிலிருந்து நேரே அழைக்கலாமே என்பார்கள். மறுப்பு நியாயமானது, ஆனால் முழுமையானதல்ல. செயலி, ரவுட்டர், சிம் என்று மூன்று வழிகள் வீட்டில் இருப்பதாகத் தோன்றினாலும், தீவில் அவை பெரும்பாலும் ஒரே கோபுரத்தையோ ஒரே நுண்ணலை இணைப்பையோ நம்பியவையாக இருக்கக்கூடும். எத்தனை வாகனம் வைத்திருந்தாலும் பண்ணைத் தாம்போதி மூடினால் எல்லாம் இக்கரையில் நிற்பதுபோல்தான் இது.

இங்கே மின்சாரமே முதன்மைக் கேள்வியாகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. 2022இன் எரிபொருள் நெருக்கடியில், நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நாடு முழுவதும் நிலவியபோது, டீசல் இல்லாவிட்டால் தொலைபேசியும் இல்லை என்பது நாட்டுக்கே உறைத்தது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2,400 கிலோவாட்மணி மின்கலச் சேமிப்பு என்பவற்றை இம்மூன்று தீவுகளிலும் அமைக்க இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது மின்திட்டமாகவே பேசப்படுகிறது. தீவுகளின் தொலைபேசித் திட்டமாகவும் அதைப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் நிலைப்பாடு: யாருடைய கட்டுப்பாட்டில்

ஐந்தாவது தரப்பு உரிமையைப் பற்றிப் பேசுகிறது. இதற்குள்ளே இரண்டு எதிரெதிர் வாதங்கள் உண்டு. ஒன்று, இணைய அழைப்பு தனியுரிமையைக் காக்கிறது என்பது. வட்ஸ்அப் 2016இல் முனையிலிருந்து முனைவரையான மறையாக்கத்தை எல்லோருக்கும் கொண்டுவந்தது. பழைய தொலைபேசியில் அத்தகைய காப்பு இருந்ததில்லை. நீண்ட காலம் படைத்தரப்பின் கண்காணிப்பில் வாழ்ந்த சமூகத்துக்கு இது சிறு விடயமல்ல. ஆயினும் யார் யாரை எப்போது அழைத்தார் என்ற விவரம் மறைவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மற்ற வாதம், செயலியை ஒரு கட்டளையால் நிறுத்திவிடலாம் என்பது. கண்டி மாவட்டத்துத் திகனவில் நடந்த வன்முறையை அடுத்து 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறு தாக்குதலை அடுத்து 2019 ஏப்ரலிலும் வட்ஸ்அப், வைபர் உள்ளிட்டவை நாடெங்கும் முடக்கப்பட்டன. பொருளாதார நெருக்கடியின் போராட்டங்களுக்கிடையே 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக வலைத்தளங்களும் செய்திச் செயலிகளும் பல மணி நேரம் முடங்கின. வதந்தியைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அந்த நாள்களில் சாதாரண இலக்க அழைப்பு வேலை செய்தது. கலவரச் செய்தி கேட்டுப் பதறும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு, மறந்துபோன 021 இலக்கம் அப்போது தேவைப்பட்டிருக்கும்.

அரசு மட்டுமன்றி நிறுவனமும் நிறுத்தலாம். 2011இல் மைக்ரோசொப்ட் 8.5 பில்லியன் டொலருக்கு வாங்கிய ஸ்கைப், 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. ஸ்கைப் ஒன்றை மட்டும் பழகியிருந்த முதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. தொலைபேசி இலக்கம் எந்த நிறுவனத்திலிருந்தும் எந்த நிறுவனத்துக்கும் செல்லும். செயலியில் உள்ளவர் அதே செயலியில் உள்ளவரோடுதான் பேசலாம். இந்தத் தரப்பின் பலவீனம், மாற்று எதுவென்று தெளிவாகச் சொல்லாமை. இலக்கவழி அழைப்பும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. போர்க்காலத்தில் வடக்கு இழந்தது இலக்கவழித் தொலைபேசியையே.

வீட்டார் எதைப் பார்க்கலாம்

இவற்றிலிருந்து தீவக வீடொன்றுக்குச் சில நடைமுறை முடிவுகள் கிடைக்கின்றன. செயலியை அன்றாடப் பேச்சுக்கு வைத்துக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் இலக்கவழியில் அழைக்கக்கூடிய ஒரு சிம் எப்போதும் உயிரோடு இருக்கட்டும். முடிந்தால் அது ரவுட்டரிலுள்ள நிறுவனத்தினது அல்லாத வேறொன்றாக இருப்பது நல்லது. அயல்வீட்டில் எந்தக் கோபுரத்தின் சிக்னல் தாங்குகிறது என்பதே நிறுவன விளம்பரத்தைவிட நல்ல அளவுகோல். ரவுட்டருக்கென ஒரு சிறு மின்கலக் காப்பு வைப்பது, அதிக வேக டேட்டாப் பொதி வாங்குவதைவிடப் பயன்தரலாம். பேச்சு அறுந்தால் முதலில் காணொளியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவசர இலக்கங்களும் பிள்ளைகளின் இலக்கங்களும் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் இருக்க வேண்டும். செயலிப் பதிவுக்காகக் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், பழைய விவாதத்தின் இரு பகுதிகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. பொதிகளில் நல்ல பேச்சு சாத்தியமா என்பது இனிக் கேள்வியல்ல. நீண்டதூரப் பேச்சின் மொத்தச் செலவு குறையுமா என்பதும் கேள்வியல்ல. தீராதிருப்பது பொறுப்பு. பழைய கம்பித் தொலைபேசியில் மின்கலம், கம்பி, இலக்கம், பழுது பார்த்தல் யாவும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தன. இணைய அழைப்பில் அது செயலி நிறுவனம், இணைய வழங்குநர், மின்சார சபை, வீட்டார் என்று சிதறிவிட்டது. அழைப்பு போகாத இரவில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டால், இன்றைய ஏற்பாட்டில் பெரும்பாலும் வீட்டாரே மிஞ்சுகிறார்.

2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையம், கோபுரத்தை நம்பாத இன்னொரு வழியைத் தீவுகளுக்குத் திறந்திருக்கிறது. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் என்பதால், 35,786 கிலோமீற்றர் உயரத்துப் பழைய செய்மதிகளின் தாமதம் இங்கில்லை. ஆனால் கருவியின் விலையும், சாதாரண ரவுட்டரைவிடப் பல மடங்கான மின்தேவையும் தனிவீட்டுக்கு எட்டாதவையாக இருக்கலாம். வைத்தியசாலை, பாடசாலை, இறங்குதுறை போன்ற பொது இடங்களில் அதைப் பகிர்ந்து பயன்படுத்துவது பொருந்துமா என்பது ஆராயப்பட வேண்டியது.

இன்னும் மூன்று கேள்விகள் திறந்திருக்கின்றன. கோபுரங்களுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இத்தனை மணி நேரக் காப்பு மின்சாரம் வேண்டும் என்று படகுவழித் தீவுகளுக்கெனத் தனி நியமம் வகுக்கப்படுமா? செயலிகள் முடக்கப்படும் காலத்தில் குடும்ப அழைப்புக்கு விலக்கு அளிக்க முடியுமா? வருமானமில்லாத முதியவரின் டேட்டாச் செலவை யார் ஏற்பது? இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் மின்சார சபையும் பிரதேச நிர்வாகமும் ஒரே மேசையில் இருந்து தீர்மானிக்கக்கூடியவை அவை. அதுவரை, இணைய அழைப்பைத் தீவக வீட்டின் முதல் தொலைபேசி என்று ஏற்கலாம். ஒரே தொலைபேசி என்று ஏற்பதற்கு இப்போதுள்ள சான்றுகள் போதா.